ஹாங்க் மோப்லியின் தாமதமான புகழ்: இசைத்தட்டுகள் எழுப்பும் கேள்வி

ஹாங்க் மோப்லி 1986 மே 30 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நிமோனியா காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 55. 1955க்கும் 1970க்கும் இடையில் புளூ நோட் என்ற ஒரு நிறுவனத்துக்கே தம் பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்களைப் பதிவு செய்தவர். மேக்ஸ் ரோச், டிஸ்ஸி கில்லெஸ்பி, ஹொரேஸ் சில்வர், ஆர்ட் பிளேக்கி, மைல்ஸ் டேவிஸ் என அந்தத் தலைமுறையின் பெரிய குழுக்களில் எல்லாம் டெனர் சாக்சபோன் வாசித்தவர். கடைசிப் பத்தாண்டுகளில் நுரையீரல் கெட்டு, வாசிப்பு ஏறக்குறைய நின்றுபோய், சில காலம் தங்க வீடும் இல்லாமல் இருந்தார். அதே பத்தாண்டுகளில்தான் அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் பல முதன்முதலாகக் கடைக்கு வந்தன.

இவ்வளவு வாசித்த ஒருவர் தம் காலத்தில் ஏன் உரிய இடத்தைப் பெறவில்லை? ஜாஸ் விமர்சகர்களும் ரசிகர்களும் இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில் சொல்லி வருகிறார்கள். காரணம் இசையிலேயே இருக்கிறது என்கிறது ஒரு தரப்பு. மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்த ஒரு வருடமே அவர் பெயரைக் கெடுத்தது என்கிறது இன்னொன்று. பழியை இசைத்தட்டு நிறுவனத்தின் மீது போடுபவர்கள் உண்டு. போதைப் பழக்கத்தின் மீது போடுபவர்களும் உண்டு. இவற்றுக்கு அப்பால், மோப்லியின் இன்றைய பெயரே இசைத்தட்டு சேகரிப்பவர்கள் உருவாக்கியதுதான் என்ற பார்வையும் பிற்பாடு சேர்ந்துகொண்டது. எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, எதுவும் தனியாக நின்று முழுக் கதையையும் விளக்கவில்லை. ஆயினும் எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடை கிடையாது.

‘மிடில்வெயிட்’ என்ற முத்திரை

விமர்சகர் லெனார்ட் ஃபெதர் மோப்லியை டெனர் சாக்சபோனின் மிடில்வெயிட் சாம்பியன் என்று வர்ணித்தார். குத்துச்சண்டையிலிருந்து எடுத்த அந்தப் பட்டத்தை அவர் பாராட்டாகவே சூட்டினார். ஜான் கோல்ட்ரேனின் ஆவேசமும் இல்லாமல், ஸ்டான் கெட்ஸின் காற்றோட்டமான மென்மையும் இல்லாமல், இரண்டுக்கும் இடையே நிற்கும் நாதம் என்பது அதன் பொருள். பெரிய நாதமும் வேண்டாம், சிறிய நாதமும் வேண்டாம், உருண்டையான நாதமே வேண்டும் என்ற கருத்தில் மோப்லியும் பேசியிருக்கிறார். எடைப் பிரிவைக் குறித்த அந்தப் பட்டம் நாளடைவில் தரவரிசையாகப் படிக்கப்பட்டது. சன்னி ரோலின்ஸும் கோல்ட்ரேனும் முதல் வரிசை, மோப்லி அடுத்த வரிசை என்று எழுதுவது வழக்கமாயிற்று.

காலமும் அந்த வாசிப்புக்குத் துணைபோனது. 1959 நவம்பரில் ஆர்னெட் கோல்மன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசிக்கத் தொடங்கி ஜாஸ் உலகையே இரண்டாகப் பிளந்தார். கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ 1960இன் தொடக்கத்தில் வெளிவந்தது. சன்னி ரோலின்ஸ் மேடையை விட்டு விலகி வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் தனியாகச் சாதகம் செய்துகொண்டிருந்தார்; அந்த மௌனமே செய்தியாயிற்று. 1960 பிப்ரவரி 7 அன்று நியூஜெர்சியின் எங்கில்வுட் கிளிஃப்ஸில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில், மோப்லி ‘சோல் ஸ்டேஷன்’ ஆல்பத்தைப் பதிவு செய்தது இத்தகைய சூழலில்தான். பியானோவில் விண்டன் கெல்லி, டபுள் பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. சாக்சபோனோடு போட்டிபோட வேறு ஊதுகருவி கிடையாது. மொத்தம் 6 உருப்படிகள்.

அதன் முதல் உருப்படி இர்விங் பெர்லின் 1925இல் எழுதிய ‘ரிமெம்பர்’. மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் நடையில் பிறந்த அந்தப் பாட்டை மோப்லி நான்கெண்ணிக்கைக்கு மாற்றி, அவசரமில்லாத நடுத்தரக் காலப்பிரமாணத்தில் வாசிக்கிறார். மெட்டு ஏறக்குறைய பேச்சுபோல் விழுகிறது. தாளத்துக்கு ஓர் இழை பிந்தி வந்து, சரியான இடத்தில் அதைப் பிடித்துக்கொள்வது அவருடைய மனோதர்மத்தின் தனி அடையாளம். வாக்கியங்களை எட்டு, எட்டு மாத்திரையாகக் கத்தரித்து அடுக்காமல், ஒரு பகுதியின் முடிவைத் தாண்டி அடுத்ததன் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார். அதே ஆல்பத்தில் உள்ள அவருடைய சொந்தப் படைப்பான ‘திஸ் ஐ டிக் ஆஃப் யூ’வை இன்று ஜாஸ் பயிலும் மாணவர்கள் மனப்பாடமாக வாசிக்கிறார்கள். முதல் கேட்பில் எளிது என்று தோன்றும் இந்த வாசிப்பை எழுதிவைத்துப் பயிற்சி செய்ய உட்காரும்போதுதான் அதன் கடினம் பிடிபடுகிறது.

புதுமையைச் செய்தியாகத் தேடிய விமர்சனத்துக்கு, இருந்த மொழியையே மெருகேற்றிய ஒருவர் கண்ணில் படவில்லை என்பது இந்தத் தரப்பின் வாதம். மோப்லி வாசித்த ஹார்ட் பாப் பாணி பற்றி 1992இல் முழு நூல் எழுதிய டேவிட் ரோசென்தால் இதைத் தனிமனிதரைத் தாண்டி விரித்தார். பிபாப்பிலிருந்து நேராக ஆர்னெட் கோல்மன் வகைப் புத்திசை ஜாஸுக்குத் தாவிய வரலாற்றெழுத்து, இடையில் கறுப்பினக் குடியிருப்புகளின் விடுதிகளில் தழைத்த ஹார்ட் பாப்பை எளிய கேளிக்கையாகக் கருதிவிட்டது என்ற குறை அவருடைய எழுத்துக்குப் பின்னர்தான் பரவலாகப் பேசப்பட்டது. அமிரி பராகா, லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் எழுதிவந்த 1963இல், ஜாஸ் விமர்சகர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், வாசிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பர் என்பதால் விளையும் திரிபைச் சுட்டிக்காட்டி ‘டவுன் பீட்’ இதழில் கட்டுரை எழுதினார். பராகா பிறந்த நியூவார்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எலிசபெத்தில்தான் மோப்லி வளர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தத் திரிபைக் கண்டுகொண்ட பராகாவின் உற்சாகமும் பெரிதும் புத்திசைப் பக்கமே சாய்ந்திருந்தது.

இந்தப் பதிலின் பலவீனம் வெளிப்படையானது. மென்மையான நாதம் புகழுக்குத் தடை என்றால் லெஸ்டர் யங் எப்படி ஒரு தலைமுறைக்கே ஆசானானார்? ஸ்டான் கெட்ஸ் 1962இல் ‘ஜாஸ் சாம்பா’வையும், 1964இல் ழுவாவ் ஜில்பெர்ட்டோவுடன் வெளியிட்ட ஆல்பத்தையும் கொண்டு எப்படி உலகம் முழுதும் விற்றார்? மோப்லியின் வாசிப்பு கவனிக்கப்படாமல் போனது எப்படி என்பதற்கு இசை ஒரு பகுதி விளக்கம் தரும். அது மட்டுமே போதாது.

1961: மைல்ஸ் டேவிஸுடன் ஓராண்டு

கோல்ட்ரேன் 1960இல் மைல்ஸ் டேவிஸ் குழுவிலிருந்து விலகினார். சிறிது காலம் சன்னி ஸ்டிட் வாசித்தார்; அதன் பிறகு அந்த இடம் மோப்லிக்கு வந்தது. 1961 மார்ச் 20 அன்று கொலம்பியா நிறுவனத்துக்காக ‘சம்டே மை பிரின்ஸ் வில் கம்’ பதிவானபோது கோல்ட்ரேன் விருந்தினராக வந்தார். தலைப்புப் பாட்டில் மோப்லியின் தனிவாசிப்பும், பின்னர் கோல்ட்ரேனின் தனிவாசிப்பும் வருகின்றன. ஜாஸ் வரலாற்றில் ஒரு வாசிப்பாளர் தமக்கு முன்னிருந்தவரோடு ஒரே பாட்டுக்குள் இப்படி எடைபோடப்பட்ட சந்தர்ப்பங்கள் அரிது. கேட்டவர்களில் பலர் அந்த ஒரு பாட்டைக் கொண்டே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

மைல்ஸும் அந்தத் தீர்ப்புக்கு வலுச்சேர்த்தார். 1989இல் வெளிவந்த தன்வரலாற்றில், மோப்லியோடு வாசிப்பது தமக்கு உற்சாகம் தரவில்லை, தம் கற்பனையைத் தூண்டவில்லை என்ற பொருளில் எழுதினார். இவ்வளவு பெரியவர் சொன்ன பிறகு மறுபேச்சு எதற்கு என்று பல புத்தகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

ஆனால் ஒலிப்பதிவுகளை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. கோல்ட்ரேனோடு ஒப்பிடப்பட்ட அந்த நாளுக்கு ஆறே நாள் கழித்து, மார்ச் 26 அன்று, மோப்லி ‘வொர்க்அவுட்’டைப் பதிவு செய்தார். மைல்ஸ் குழுவின் அதே கெல்லி, அதே சேம்பர்ஸ். டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ், கிதாரில் கிராண்ட் கிரீன். தயங்கி வாசிக்கும் மனிதரின் ஆல்பம் அல்ல அது. ‘சோல் ஸ்டேஷன்’, 1960 நவம்பரில் பதிவான ‘ரோல் கால்’, ‘வொர்க்அவுட்’, 1961 டிசம்பரில் பதிவான ‘அனதர் வொர்க்அவுட்’ ஆகிய நான்கையும் அவருடைய உச்சம் என்று இன்றைய ரசிகர்கள் கருதுகிறார்கள். இவற்றில் பாதி, அவர் தடுமாறியதாகச் சொல்லப்படும் அந்த ஆண்டிலேயே பதிவானவை.

இன்னொரு சான்றும் உண்டு. 1961 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிளாக்ஹாக் விடுதியில் மைல்ஸ் குழு வாசித்த இரண்டு இரவுகள் அந்த ஆண்டே இரண்டு ஆல்பங்களாக வந்தன. அவற்றில் மோப்லியின் தனிவாசிப்புகள் சில வெட்டப்பட்டிருந்தன. 2003இல் கொலம்பியா அந்த இரவுகளை முழுமையாக வெளியிட்டபோதுதான் வெட்டுப்பட்ட பகுதிகள் கேட்கக் கிடைத்தன. நாற்பது ஆண்டுகளாக விமர்சகர்கள் மதிப்பிட்டது கத்தரித்த வாசிப்பை என்பது இதனால் தெளிவாயிற்று. முழுப் பதிவைக் கேட்டவர்களில் பலர் தங்கள் பழைய கருத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். மோப்லியின் வாசிப்பு மைல்ஸின் தேடலுக்கு ஏற்றதாக இருந்ததா என்பது வேறு விஷயம். அது தரம் பற்றிய கேள்வி அல்ல, பொருத்தம் பற்றிய கேள்வி. 1964இல் வெய்ன் ஷார்ட்டர் வரும்வரை மைல்ஸின் அந்த நாற்காலி யாருக்குமே முழுமையாகப் பொருந்தவில்லை.

அலமாரியில் கிடந்த நாடாக்கள்

மூன்றாவது பதில்தான் மிக உறுதியான சான்றுகளைக் கொண்டது. பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் புளூ நோட். அவருடைய இளம்பருவ நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் பின்னர் வந்து சேர்ந்தார். ஒத்திகைக்கும் சம்பளம் தந்த அபூர்வ நிறுவனம் அது. இசைக்கலைஞர்கள் அதன் மேல் வைத்திருந்த மதிப்பு நியாயமானதே. அதே நிறுவனம் வெளியிட்டதைவிட அதிகமாகப் பதிவு செய்தது என்பதும் உண்மை. பதிவு முடிந்து, கூலியும் கொடுத்து, நாடாவை அலமாரியில் வைத்துவிட்டால் அது எப்போது வெளிவரும் என்று வாசித்தவருக்கே தெரியாது.

மோப்லியின் கணக்கைப் பாருங்கள். 1957 அக்டோபரில் பதிவான ‘பாப்பின்’ 1980இல் வந்தது. 1957 ஆகஸ்டில் பதிவான ‘கர்ட்டன் கால்’ 1984 வரை காத்திருந்தது. உச்சகாலத்து ‘அனதர் வொர்க்அவுட்’ வெளிவந்தது 1985இல். 1966இல் பதிவான ‘எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்’ 1979இலும், 1967இல் பதிவான ‘தேர்டு சீசன்’ 1980இலும், ‘ஃபார் அவே லேண்ட்ஸ்’ 1984இலும், புளூ நோட்டுக்கான கடைசி ஆல்பமான 1970இன் ‘திங்கிங் ஆஃப் ஹோம்’ 1980இலும் வெளியாயின. ஒரு கலைஞரின் வளர்ச்சியை வரிசையாகக் கேட்கும் வாய்ப்பை அவருடைய சமகாலத்தவர் இழந்துவிட்டார்கள்.

இதில் ‘எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்’ தனித்துப் பேசப்பட வேண்டியது. சாக்சபோன், டிரம்பெட்டோடு யூஃபோனியமும் டியூபாவும் சேர்ந்த எட்டுப் பேர் குழு. பியானோவில் மெக்காய் டைனர், டிரம்பெட்டில் லீ மார்கன். வாத்திய அமைப்பு டியூக் பியர்சன். 1964இல் சிறையிலிருந்தபோது மோப்லி எழுதிய மெட்டுகள் இதற்கு அடிப்படையாக அமைந்தன என்று சொல்லப்படுகிறது. பெரிய குழுவுக்கு எழுதத் தெரிந்த இசையமைப்பாளர் ஒருவர் இருந்தார் என்பதே 13 ஆண்டுகள் உலகுக்குத் தெரியாமல் இருந்தது. அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்குக் கிடைத்த மோப்லி, ‘எ கேடி ஃபார் டேடி’ போன்ற ஆல்பங்களின் மோப்லி. லீ மார்கனின் ‘த சைட்விண்டர்’ 1964இல் எதிர்பாராமல் விற்றுத் தள்ளியதும், ஒவ்வொரு ஆல்பமும் நடனத் தாளப் பாட்டு ஒன்றோடு தொடங்க வேண்டும் என்ற எழுதாத விதி புளூ நோட்டில் நிலைபெற்றிருந்தது. ஆகவே வெளியே தெரிந்த முகம் ஒன்று, அலமாரியில் இருந்த முகம் வேறு.

மோப்லிக்கு இது தெரிந்தே இருந்தது. 1973இல் ஜான் லிட்வைலர் ‘டவுன் பீட்’ இதழுக்காக எடுத்த பேட்டியில், தம் ஆல்பங்கள் சில அலமாரியில் கிடப்பதையும், வாசித்தவன் சாகும்வரை நிறுவனம் காத்திருப்பதுபோல் தோன்றுவதையும் அவர் கசப்போடு சொன்னார். அந்தச் சந்தேகத்தில் கடுமை இருந்தது. நிறுவனத்தின் தரப்பிலும் சூழ்நிலைகள் உண்டு: 1960களின் நடுவில் புளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, லயன் 1967இல் ஓய்வு பெற்றார், வுல்ஃப் 1971இல் இறந்தார், உரிமை கைமாறிக்கொண்டே போயிற்று. எனினும் ‘பாப்பின்’, ‘கர்ட்டன் கால்’, ‘அனதர் வொர்க்அவுட்’ மூன்றும் லயன் பொறுப்பில் இருந்தபோதே கிடப்பில் போடப்பட்டவை. விற்பனைக் கைமாற்றம் அவற்றுக்கு விளக்கமாகாது.

இந்தப் பதிலுக்கு இன்னும் துயரமான சாட்சி டீனா ப்ரூக்ஸ். வட கரோலைனாவின் ஃபயட்வில்லில் 1932இல் பிறந்த இந்த டெனர் சாக்சபோன் கலைஞர் 1958க்கும் 1961க்கும் இடையில் புளூ நோட்டுக்கு நான்கு ஆல்பங்கள் பதிவு செய்தார். அவர் உயிரோடிருந்தபோது வந்தது ஒன்றே ஒன்று: 1960 ஜூன் 25 அன்று பதிவான ‘ட்ரூ புளூ’. அதற்கு ஆறு நாள் முன்புதான் ஃபிரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பமான ‘ஓப்பன் செசமி’யில் வாசித்திருந்தார், அதன் தலைப்புப் பாட்டை எழுதியவரும் ப்ரூக்ஸே. ‘பேக் டு த ட்ராக்ஸ்’ ஆல்பத்துக்கு 4052 என்ற வரிசை எண் கொடுக்கப்பட்டு அட்டைப்படமும் தயாரான பின் வெளியீடு நின்றுபோனது. ப்ரூக்ஸ் 1974இல் 42 வயதில் இறந்தார். அவருடைய நான்கு ஆல்பங்களையும் சேர்த்து மொசைக் நிறுவனம் 1985இல் பெட்டியாக வெளியிட்டபோதுதான் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

இவ்வளவு சான்று இருந்தும் இந்த வாதத்தால் விளக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. ‘சோல் ஸ்டேஷன்’ கிடப்பில் போடப்படவில்லை. பதிவான ஆண்டே கடைக்கு வந்தது. ‘ரோல் கால்’, ‘வொர்க்அவுட்’ இரண்டும் வந்தன. மோப்லியின் மிகச்சிறந்த வாசிப்பு எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருந்தும் பெரிய அலை எதுவும் எழவில்லை. ப்ரூக்ஸுக்கு நேர்ந்தது இருட்டடிப்பு. மோப்லிக்கு நேர்ந்ததை அதே சொல்லால் முழுமையாக விவரிக்க இயலாது. 1950களின் பிற்பகுதியில் புளூ நோட், பிரஸ்டிஜ், சவாய் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் அவர் தொடர்ந்து பதிவு செய்தார். சகாக்களின் ஆல்பங்களிலும் ஓயாமல் வாசித்தார். எப்போதும் கிடைப்பவர் என்ற பிம்பமும் மதிப்பைக் குறைத்திருக்கலாம்.

போதையும் சட்டமும்

மோப்லி 1950களின் இறுதியில் ஹெராயினுக்கு அடிமையானார். 1958இலும் 1964இலும் கைதாகிச் சிறை சென்றார். வாழ்க்கை குலைந்ததே புகழும் குலையக் காரணம் என்ற பதில் இதிலிருந்து பிறந்தது. எளிமையான பதில் என்பதால் அதிகம் எடுபடுகிறது. கோல்ட்ரேன், ரோலின்ஸ், ஜாக்கி மக்லீன், டெக்ஸ்டர் கார்டன், கெட்ஸ் என அதே பழக்கத்தில் சிக்கியவர்களின் பட்டியல் நீளம். அவர்களில் யாரையும் வரலாறு மறக்கவில்லை.

பழக்கத்தைவிடச் சட்டத்தின் பங்கைப் பார்ப்பது பயனுள்ளது. மது விற்கும் விடுதிகளில் வாசிக்க நியூயார்க் காவல்துறை தரும் காபரே அட்டை 1967 வரை கட்டாயமாக இருந்தது. போதை வழக்கில் சிக்கியவர்களிடமிருந்து அந்த அட்டை பறிக்கப்பட்டது. தெலோனியஸ் மங்க், பில்லி ஹாலிடே, மக்லீன் ஆகியோர் அதனால் ஆண்டுக்கணக்கில் சொந்த நகரத்தின் விடுதிகளை இழந்தார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அட்டை தேவையில்லை. அக்காலக் கலைஞர்கள் பலர் மேடையில் அரிதாகவும் இசைத்தட்டில் அடிக்கடியும் தென்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மோப்லி சொந்தக் குழுவை நிரந்தரமாக வைத்து ஊர் ஊராகப் போகாததும் அவருக்குக் கேடாயிற்று. கோல்ட்ரேனுக்கு ஒரு நால்வர் குழு இருந்தது, பிளேக்கிக்கு மெசஞ்சர்ஸ் இருந்தது. மோப்லியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் குழு என ஒன்று உருவாகவே இல்லை. இந்த அம்சத்தை விவாதங்கள் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை.

சேகரிப்பவர்கள் எழுதிய வரலாறு

1975இல் மைக்கேல் கஸ்கூனா என்ற இளம் தயாரிப்பாளருக்கு புளூ நோட்டின் நாடாக் கிடங்குக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. எந்தெந்தப் பதிவுகள் வெளிவராமல் கிடக்கின்றன என்று இசைக்கலைஞர்களிடமே கேட்டுக் குறித்துவைத்திருந்த குறிப்பேடு அவருக்கு வழிகாட்டியது. 1979 முதல் வெளிவராத பதிவுகள் வரிசையாக வந்தன. ஜப்பானில் முதலில் கிங் நிறுவனமும், பிறகு தோஷிபாவும் புளூ நோட் உரிமத்தில் வெளியீடுகளைத் தொடர்ந்தன. ‘ஜாஸ் கிஸ்ஸா’ எனப்படும் காபிக் கடைகளில், பேசாமல் உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் கேட்கும் பழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. மோப்லிக்கும் ப்ரூக்ஸுக்கும் விசுவாசமான ரசிகர்கள் சொந்த நாட்டைவிட முன்னதாக அங்கே திரண்டார்கள். கஸ்கூனா, சார்லி லூரியுடன் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் மொசைக் நிறுவனத்தைத் தொடங்கினார். மோப்லியின் 1950களின் பதிவுகள் 1998இலும், 1963 முதல் 1970 வரையிலானவை 2019இலும் மொசைக் பெட்டிகளாக வந்தன. 2008இல் டெரெக் ஆன்சல் மோப்லியின் இசை பற்றி ஒரு நூல் எழுதினார்.

பழைய அச்சுப் பிரதிகளைத் தேடுபவர்களின் உலகம் வேறு வகையானது. அங்கே ஒரு தட்டின் வயதை இசையை வைத்துக் கணிப்பதில்லை. நடுவில் உள்ள லேபிளில் அச்சான முகவரியை வைத்துக் கணிக்கிறார்கள். லெக்சிங்டன் அவென்யூ முகவரி என்றால் 1957க்கு முற்பட்டது, மேற்கு 63ஆம் தெரு என்றால் அதற்குப் பிந்தையது. பாட்டு முடிந்தபின் ஊசி ஓடும் வெற்றுப் பகுதியில் வான் கெல்டர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கையால் கீறியிருப்பார். பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்திய தட்டுகளில் காதைப்போல வளைந்த ஒரு குறி தெரியும்; 1966க்குப் பிந்தைய தட்டுகளில் அது கிடையாது. 1957இல் பதிவான, 1568 என்ற எண் கொண்ட ‘ஹாங்க் மோப்லி’ ஆல்பம் இந்த உலகின் உச்சப் பொருள்களில் ஒன்று. மிகக் குறைவாக அச்சானதால், நல்ல நிலையில் உள்ள முதல் அச்சு பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. லேபிளில் ‘நியூயார்க் 23’ என்று இருக்கிறதா இல்லையா என்பதே விலையை மாற்றிவிடும்.

அந்த விலைக்கும் இசையின் தரத்துக்கும் தொடர்பில்லை. 1568 நல்ல ஆல்பம்தான். மோப்லியின் மிகச்சிறந்தது என்று யாரும் வாதிடுவதில்லை. பழைய தட்டு கைமாறும்போது வாசித்தவருக்கோ குடும்பத்துக்கோ ஒரு காசும் போவதில்லை. அதோடு, சேகரிப்பவர்களின் ஆர்வத்தில் ஒரு சாய்வும் இருக்கிறது. அரிதாகக் கிடைப்பதை அவர்கள் கொண்டாடுகிறார்கள். கவனிக்கப்படாதவர் என்ற பெயரே விலைச்சீட்டாகிறது. ப்ரூக்ஸ் இருபது ஆல்பங்கள் வெளியிட்டிருந்தால் இன்றுள்ள மயக்கம் இருந்திருக்குமா என்று கேட்பவர்களின் ஐயம் நியாயமானது.

ஆயினும் சேகரிப்பவர்களைச் சந்தை மோகிகள் என்று ஒதுக்குவது தவறு. பதிவான தேதிகளை ஒத்துப் பார்த்தவர்கள், வெட்டுப்பட்ட இடங்களைக் கண்டவர்கள், நாடாக்கள் எங்கே இருக்கின்றன என்று விடாமல் கேட்டவர்கள் அவர்களே. அவர்களுடைய பிடிவாதம் இல்லையென்றால் விவாதிக்கவே எதுவும் மிஞ்சியிருக்காது. 2019இல் தொடங்கிய புளூ நோட்டின் ‘டோன் போயட்’ வரிசையில் ‘பாப்பின்’, ‘கர்ட்டன் கால்’, ப்ரூக்ஸின் ‘மைனர் மூவ்’ ஆகியவை மறுபடி அச்சாகியிருக்கின்றன. ஒருகாலத்தில் வெளியிடத் தகுதியில்லை என்று வைக்கப்பட்டவை இன்று நிறுவனத்தின் பெருமைக்குரிய பட்டியலில் உள்ளன.

விவாதம் இன்று நிற்கும் இடம்

பதில்களை எடைபோட்டால், ஒலிப்பதிவுகள் வெளிவந்த விதமும் வெளிவராத விதமும் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான காரணங்கள் என்றே தோன்றுகிறது. ப்ரூக்ஸ் விஷயத்தில் அதற்கு மறுப்பில்லை. மோப்லி விஷயத்தில் அது முக்கால் பங்கு விளக்கம். எஞ்சிய பங்கு, அந்தக் காலத்து விமர்சனம் எதைச் செய்தி என்று கருதியது என்பதிலும், அவருக்கென ஒரு குழு அமையாததிலும் இருக்கிறது. மைல்ஸின் கருத்தைத் தரத்தீர்ப்பாக எடுத்துக்கொள்வது பிளாக்ஹாக் முழுப் பதிவு வந்த பிறகு கடினம். போதை ஒரு சோகமான உண்மை, ஆனால் புகழின் கணக்கைத் தீர்க்கும் காரணம் அல்ல.

முடிவாகாத கேள்விகளும் உள்ளன. உச்சத்தில் இருந்த கலைஞரின் ‘அனதர் வொர்க்அவுட்’ போன்ற ஆல்பத்தை, அத்தனை கூரிய செவி கொண்ட லயன் எந்த அளவுகோலால் நிறுத்திவைத்தார் என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் உருவாகவில்லை. ‘எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்’ 1966இலேயே வந்திருந்தால் மோப்லி பெரிய குழுக்களுக்கு எழுதும் இசையமைப்பாளராக வளர்ந்திருப்பாரா என்பதும் ஊகத்துக்கே உரியது. இன்னொரு சிக்கல், இன்றைய மதிப்பீட்டைப் பற்றியது. மிகவும் கவனிக்கப்படாத சாக்சபோன் கலைஞர் என்று ரசிகர்கள் ஒருமித்துச் சொல்லும் பெயராகவே மோப்லி மாறிவிட்டார். ‘சோல் ஸ்டேஷன்’ ரோலின்ஸின் ‘சாக்சபோன் கொலாசஸ்’ ஆல்பத்தோடு வைத்துப் பேசப்படுகிறது. அப்படிப் பார்த்தால் பழைய அநீதி நேராகிவிட்டது என்பவர்கள் உண்டு. ஒரே ஆல்பத்தைப் புகழ்ந்துவிட்டு மற்ற இருபதையும் கேட்காமல் விடுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே என்பவர்களும் உண்டு. பிந்தையவர்களின் பக்கம் நியாயம் கூடுதல்.

புதிதாகக் கேட்க விரும்புபவருக்குப் பல ஆயிரம் டாலர் தட்டுகள் தேவையில்லை. முக்கியமான ஆல்பங்கள் அனைத்தும் மறுபதிப்பாகவும் இணையத்திலும் எளிதாகக் கிடைக்கின்றன. ‘சோல் ஸ்டேஷ’னில் தொடங்குங்கள், அதோடு நிறுத்திவிடாமல் ‘வொர்க்அவுட்’, ‘எ ஸ்லைஸ் ஆஃப் த டாப்’, ‘திங்கிங் ஆஃப் ஹோம்’ ஆகியவற்றைப் பதிவான வரிசையிலேயே கேளுங்கள். 1960களின் கேட்பவர்களுக்கு அந்த வரிசை கிடைக்கவில்லை.